காலிக் கட்டிலுக்கு அடுத்த பக்கம்

பேசக் கூடாது. இருபதே நிமிஷம், வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதானே, இதென்ன பெரிய மலையா என்று உலகம்மை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லும்போது உதடு அசைந்துவிட்டதோ என்று பயந்து கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தாலே பேசினதாக எடுத்துக்கொள்வாரோ இந்த மனிதர், எடுத்தாலும் எடுப்பார், ஆராவமுதன் சார் என்றால் சும்மாவா. முதுகலை ஓவியப் படிப்பில் காமிக்ஸ் கதைசொல்லலை எடுத்துக்கொண்டு பல ஊர்களிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு பேருக்கும் துறைத்தலைவர் அவர்தான், அவர் வைத்ததுதான் இந்தச் சட்டம்: ஜூரி என்கிற தேர்வு நாளில் படம் போட்டவர் தன் பக்கங்களைச் சுவரில் குத்திவிட்டுப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார வேண்டும், மற்றவர்கள் பார்ப்பார்கள், படிப்பார்கள், பேசுவார்கள், இருபது நிமிஷத்துக்கு உட்கார்ந்தவர் ஊமை. பேசினால் போச்சு. படம் தானாகப் பேசவில்லை, அதனால் ஆள் பேச வேண்டி வந்தது, ஆகவே தேர்ச்சி இல்லை. வகுப்பில் இதற்கு வாய்ப்பூட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். டிசம்பரில் இதே ஹாலில் இதே முக்காலியில் மூன்றாவது நிமிஷத்திலேயே பூட்டை உடைத்தவள் உலகம்மை ஒருத்திதான். அவள் வரைந்த எருமையை எல்லோரும் மாடு மாடு என்று, அதுவும் பசுமாடு என்று, தாய்மை என்று, கருணை என்று அளந்துகொண்டே போக, பொறுக்க மாட்டாமல் ‘சார் அது எருமை சார்’ என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அதோடு சரி. அந்த ஒரு எருமைக்காக ஆறு மாசம் காத்திருந்து இன்றைக்கு மறு ஜூரி. இதிலும் போனால் மூன்றாவது தடவை கிடையாது, மூட்டையைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

சுவரில் நான்கு தாள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பக்கம், மொத்தம் எட்டுப் பக்கம், ஒரு வார்த்தை கிடையாது, இந்த அரையாண்டுக்கு வசனம் கூடாது என்பது சாருடைய இன்னொரு சட்டம், பக்க எண்ணும் கூடாது, எண் போட்டால் வாசகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடுமாம். காலையில் அரக்கப்பரக்க ஓடிவந்து, ஹாலில் டியூப்லைட்டைக்கூடப் போடாமல், தாள் கோணாமல் நிற்கிறதா என்று ஓரத்தையே பார்த்துப் பார்த்துக் குத்தினாளே தவிர படத்தைப் பார்க்கவில்லை, மூன்று மாசமாகப் பார்த்து அலுத்த படத்தில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது. இப்போது விளக்கு எரிகிறது. முதல் தாளின் இடது பாதியில் அப்பா வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு கஞ்சி குடிக்கிறார். இதென்ன, அப்பா இப்பவே கஞ்சி குடிக்கிறார், இவர் எட்டாம் பக்கத்தில் அல்லவா குடிக்க வேண்டும் என்று உலகம்மை நினைத்தாள், மெதுவாகத்தான் நினைத்தாள், பிறகு கண் மற்ற தாள்களுக்கு ஓடியது. கஞ்சிக்குப் பக்கத்தில் ஒன்றாம் பக்கம். அடுத்த தாளில் இரண்டும் ஏழும். அதற்கடுத்து ஆறும் மூன்றும். கடைசியில் நாலும் அஞ்சும். அடப் பாவி, இது மடிக்கிற தாள். நடுவில் மடித்துப் பின் அடித்துப் புத்தகமாக்குவதற்கென்று பக்கங்களை மாற்றி மாற்றி அடுக்கிய தாள், மடித்தால் எல்லாம் அததன் இடத்துக்கு வந்து சேரும், மடிக்காமல் சுவரில் குத்தினால் கதை சீட்டுக்கட்டாகக் கலைந்து கிடக்கும். நேற்று திருவல்லிக்கேணி பிரிண்ட் கடைக்கு அனுப்பின இரண்டு கோப்பில் ஒன்றுக்குப் பேர் ‘கடைசி’, இன்னொன்றுக்குப் பேர் ‘கடைசி கடைசி’, இதில் எது சுவருக்கு எது மடிக்க என்று அனுப்பினவளுக்கே தெரியாதபோது கடைக்காரரைக் குறை சொல்லி என்ன புண்ணியம். அவர் போன் போட்டுக் கேட்கக்கூடச் செய்தார், ‘கடைசி கடைசிதானம்மா?’ என்று. ஆமாம் அண்ணே ஆமாம் அண்ணே என்று அவசரத்தில் தலையாட்டியவள் இவள்தான். அவளுக்கு இப்போதே எழுந்து நான்கு தாளையும் பிடுங்கிவிட வேண்டும் போலிருந்தது, ஆனால் முக்காலியை விட்டு எழுந்தாலும் பேசினதற்குச் சமம்தான்.

அவள் போட்ட கதை என்னவோ ரொம்பச் சின்னக் கதை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வருகிறது, அது ஒன்றாம் பக்கம். ஆட்டோவில் ஆஸ்பத்திரி, இரண்டு. கட்டிலில் படுக்கவைத்து டிரிப் ஏற்றுகிறார்கள், மூன்று. சுற்றி உட்கார்ந்த அம்மாவும் அத்தையும் மத்தியானச் சூட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறார்கள், நாலு. அஞ்சாம் பக்கத்தில் கட்டில் காலி, டிரிப் ஸ்டாண்டில் குழாய் மட்டும் தொங்குகிறது. பக்கத்தைத் திருப்பினால் ஆறு, ஆஸ்பத்திரி கேன்டீனில் பச்சை ஆஸ்பத்திரிச் சட்டையோடு, கையில் ஊசி பிளாஸ்திரியோடு அப்பா உளுந்த வடை தின்றுகொண்டிருக்கிறார். ஏழில் அம்மா அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறாள், எட்டில் வீடு, கஞ்சி, அம்மா காவல், சுபம். அஞ்சிலிருந்து ஆறுக்குத் திருப்புகிற அந்த ஒரு திருப்பலுக்காகத்தான் எட்டுப் பக்கமும். வலது கைப் பக்கத்தில் காலிக் கட்டில் வர வேண்டும், விரல் தாளின் முனையைப் பிடிக்க வேண்டும், மூச்சு ஒரு இழுப்பு நிற்க வேண்டும், திருப்பினால் வடை, சிரிப்பு. அதை இப்போது இவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? வரிசையாக இடமிருந்து வலம் படித்தாள் உலகம்மை, அந்நியர் கதையைப் படிப்பதுபோல. நல்லபடியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு நெஞ்சு வலி வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மனைவி கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். கடைசி ஆசையாக ஒரு வடை சாப்பிடுகிறார். படுக்கிறார், டிரிப் ஏற்றுகிறார்கள், எல்லோரும் கண்ணயர்கிறார்கள். கட்டில் காலி. முற்றும். ஐயோ, ஒரு இடத்தில்கூட உதைக்கவில்லையே, கச்சிதமாகப் பொருந்துகிறதே, அப்பாவைக் கொன்றுவிட்டேனே என்று நினைத்தாள்.

‘அந்த வடையைப் பாருங்க சார்’ என்று தன்வந்த் ஆரம்பித்தான். வகுப்பில் அதிகம் வரைகிறவன் அல்ல, அதிகம் பேசுகிறவன், அண்ணா நகர்ப் பையன், தாடியைத் தடவிக்கொண்டு பேசினால் எதுவும் தத்துவமாகிவிடும் அவனுக்கு. ‘நடுவுல ஓட்டை இருக்கற வடை சார். மசால் வடை போடல பாருங்க. அந்த ஓட்டைக்குள்ள பின்னாடி இருக்கற கல்லாப்பெட்டி தெரியுது. இருக்கறதுக்கு நடுவுல இல்லாமை. அடுத்த தாள்லயே அந்த இல்லாமை வந்து கட்டில்ல உக்காந்துக்குது.’ கல்லாப்பெட்டியா, அது கல்லாப்பெட்டி இல்லடா மடையா, தண்ணி டிரம், மசால் வடை போடாததற்குக் காரணம் அந்தக் கேன்டீனில் மசால் வடை கிடையாது, அவ்வளவுதான், என்று உலகம்மையின் தொண்டை வரைக்கும் வந்தது, வந்ததை அப்படியே மென்று விழுங்கினாள். நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தர் நோட்டில் ‘ஓட்டை’ என்று எழுதிக்கொண்டதை அவளே பார்த்தாள். ‘அந்தம்மா கையைப் பிடிச்சு இழுக்கறது இருக்கே, எமன்கிட்ட இருந்து இழுக்கற மாதிரி இருக்கு’ என்று இன்னொரு குரல். எமனாவது, அம்மா அன்றைக்கு அவரை இழுத்த இழுப்பில் எமன் எதிரே வந்திருந்தால் அவனுக்கும் ரெண்டு விழுந்திருக்கும். இந்தக் கூட்டத்தில் நடந்த கதை முழுசாகத் தெரிந்தவள் ஜெமிலா ஒருத்திதான், ஹாஸ்டலில் அறைத்தோழி, கீழக்கரைக்காரி, வடைக் கதையைக் கேட்டுக் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தவள். உலகம்மை அவளைப் பார்த்தாள். ஜெமிலா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள், தோள் ரெண்டும் குலுங்கின. பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, அழாத ஜெமி, என்றாள். அதற்கப்புறம் உலகம்மை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மணி பதினொன்று ஏழு. இன்னும் பதின்மூன்று நிமிஷம். இப்போது கணக்குக்கு எடுத்தால் இந்த ஹாலில் பதினொரு பேர், ஆராவமுதன் சார், வெளித்தேர்வாளர் மேடம், ஆக ஜெமிலாவை விட்டுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் அப்பா செத்துப்போய்விட்டார் என்று மனசார நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது நல்லதா? பன்னிரண்டு பேர் சேர்ந்து நினைத்தால் ஏதாவது ஆகிவிடாதா? அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள், ‘ஏட்டி, படிக்கப் போன இடத்துல உங்கப்பனுக்குக் கருமாதியா பண்ணுதே’ என்பாள், உடனே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, அது வெடிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாள். நமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நாம் படித்தவள், அதெல்லாம் சும்மா என்று உலகம்மை நினைத்து முடிக்கவில்லை, ஜன்னல் பக்கம் தட்டில் எல்லோருடைய போன்களையும் போட்டு வைத்திருந்ததில் ஒன்று உர்ரென்று அதிர்ந்தது. என் போன். வீட்டிலிருந்துதான். இந்த நேரத்துக்குத்தான் அப்பா கூப்பிடுவார், மின்வாரியத்தில் லைன்மேனாக முப்பத்தி மூன்று வருஷம் கம்பத்தில் ஏறினவருக்குப் போனில் வாட்ஸ்அப் என்கிற அந்தப் பச்சைக் கட்டத்துக்குள் போகத் தெரியாது, தினமும் பதினொரு மணிக்கு ‘எம்மா, நேத்து போட்டோ அனுப்புனேன்னு சொன்னியே, அது எங்கன இருக்கு’ என்பார். அப்பா கூப்பிட்டால் சரி. அம்மா கூப்பிட்டால்? அத்தை கூப்பிட்டால்? போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது, இரண்டு தடவை கூப்பிடுகிறார்கள் என்றால் விஷயம் இருக்கிறது, விஷயம் இல்லாமல் யார் இரண்டு தடவை கூப்பிடுகிறார்கள். மாரியம்மா, எருமையைப் பசு என்று சொன்னாலும் ஒத்துக்கொள்கிறேன், வடை ஓட்டையில் கல்லாப்பெட்டி என்றாலும் ஒத்துக்கொள்கிறேன், அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. தன்வந்த் எழுந்து போய்த் தட்டைக் கிளறி, ‘சாரி சார், என்னோடது, கூரியர்’ என்று அணைத்துவிட்டு வந்தான். இவ்வளவு நேரம் வேண்டியதெல்லாம் ஒரு கூரியருக்கா என்று உலகம்மைக்கு அவனைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் அன்றைக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது, அதை யாரிடமும் முழுக்கச் சொன்னதில்லை, ஜெமிலாவிடம்கூட வடையிலிருந்துதான் ஆரம்பித்தாள். பொங்கல் லீவு. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி, மாடியில் ஆண்கள் வார்டு. டாக்டர் இருதயமா வாய்வா என்று சாயங்காலம்தான் தெரியும் என்றுவிட்டுப் போயிருந்தார். இவள் போனில் சார்ஜ் போட வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தாள், அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ. வந்தால் கட்டில் காலி. போர்வையை வேறு ஒழுங்காக மடித்து வைத்திருந்தது, அந்த மடிப்புதான் அவளைக் கொன்றது, ஆஸ்பத்திரியில் போர்வையை எதற்கு மடிப்பார்கள். பின்னால் தெரிந்தது, அப்பாதான் மடித்தார், எங்கே படுத்தாலும் எழுந்ததும் மடித்து வைப்பது அவருக்குப் பழக்கம். அம்மா விழித்தாள், கட்டிலைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள், யாரையும் ஒன்றும் கேட்காமல் நெஞ்சில் அடித்துக்கொண்டு ‘என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே’ என்று எடுத்துவிட்டாள் பாருங்கள், வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அத்தை அழுதபடியே சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டுவிட்டாள், அங்கே ரெண்டு கார் கிளம்பிவிட்டது, அதில் ஒன்றில் மாலை வேறு வாங்கி வைத்துக்கொண்டார்கள். உலகம்மை படி படியாக இறங்கினாள், ஏறினாள், எக்ஸ்ரே அறை, கக்கூஸ், மொட்டை மாடி, எங்கேயும் இல்லை, நாற்பது நிமிஷம், அந்த நாற்பது நிமிஷத்தில் அவளுக்கு அப்பா இல்லை. இல்லாமல் வாழ்கிற ஒரு பெண்ணாக அவள் மூன்று மாடி ஏறி இறங்கினாள். பிறகு கேன்டீன் வாசலில் பச்சைச் சட்டையின் முதுகைப் பார்த்தாள், கட்டியிருந்த நாடா அவிழ்ந்து தொங்கியது. அவர் திரும்பி, வாய் நிறைய வடையோடு, ‘ஏட்டி, இங்கன சட்னி நல்லாருக்குட்டி’ என்றார். உலகம்மை அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள், கேன்டீனில் எல்லோரும் பார்க்க அடித்தாள். சங்கரன்கோவில் மாலையைக் கடைசியில் ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குப் போட்டார்கள், அவருக்கு அது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

‘நேர்கோடு உடைஞ்சிருக்கு’ என்றார் ஆராவமுதன் சார். உலகம்மை நிமிர்ந்தாள். அவர் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அப்படி நின்றால் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம், இந்த ஒரு வருஷத்தில் மூன்று பேருக்குத்தான் அப்படி நின்றிருக்கிறார். ‘டிசம்பர்ல இந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொன்னேன்? உன் கதை டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு போகுது, நேர்கோடு, நேர்கோடுன்னேன். இப்பப் பாருங்க. முடிவுல ஆரம்பிக்கிறா. சந்தோஷத்தை முதல்லயே குடுத்து, அதை நம்ம கையில இருந்து ஒவ்வொரு விரலா பிரிச்சுப் பிடுங்கறா. எடுத்த உடனே அந்தக் கஞ்சி! நமக்கு அப்பத் தெரியல, அது ஞாபகம்னு.’ அட என்ன அழகாகச் சொல்கிறார் என்று உலகம்மைக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது, உடனே தன் மேலேயே எரிச்சல் வந்தது. மூன்று மாசம் ராப்பகலாக உட்கார்ந்து, அப்பாவின் முதுகு நாடாவைப் பதினேழு தடவை மாற்றி மாற்றி வரைந்து, அவள் செய்ததில் இவருக்குப் பிடித்தது அவள் செய்யாதது ஒன்றுதான். ஆனால் பிடித்திருக்கிறதே. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? பேசாமல் இருக்கச் சொல்லித்தானே சட்டம். பாஸ், அடுத்த வருஷம், கண்காட்சி. கண்காட்சிக்கு அப்பா வருவாரே? வராமல் இருப்பாரா, தெருவே திரண்டு வரும். வந்து, இந்தச் சுவர் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, எம்மா நான் எங்கன போனேன் கடைசியில, என்று கேட்பாரே. ஆராவமுதன் சார் வந்து, இவர் யாரு என்பார். பெரியப்பா சார் என்று சொல்லலாமா. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் அதே மூக்கு இருக்கலாம், அதே தொப்பை இருக்கலாம், கஞ்சி குடிக்கிறபோது அதே மாதிரிக் கண்ணை மூடலாம். கல்யாணத்துக்கு இவர்களைக் கூப்பிட முடியாது. பாஸானதற்கு வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு யாராவது போன் செய்தால் அப்பா எடுக்கக் கூடாது. ஆயுசு முழுக்க அந்த மனிதரை ஒளித்துவைத்துக்கொண்டே திரிய வேண்டும்.

வெளித்தேர்வாளர் மதுரவல்லி மேடம் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அறுபது வயசிருக்கும், கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார், முப்பது வருஷம் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டவர், உலகம்மை மூன்றாம் வகுப்பில் கலர் அடித்துக் கெடுத்த படங்களில் பாதி அவர் போட்டதாகக்கூட இருக்கலாம். ஜூரித் தாளில் அவர் கையெழுத்துத்தான் செல்லும், சார் எவ்வளவு சிலாகித்தாலும் அவர் போடாவிட்டால் ஒன்றுமில்லை. அவர் காலிக் கட்டில் முன்னாலேயே நின்றார். மற்ற தாளுக்கு நகரவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், முந்தானையால் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். தூசியா, அழுகிறாரா? இந்த வயசில் இந்த அம்மாளை ஒரு பொய்க்கு அழவைத்துவிட்டேனே என்று உலகம்மைக்கு முகம் சுட்டது. தன்வந்த் ஓட்டை என்றால் சிரித்துக்கொள்ளலாம், சார் ஞாபகம் என்றால் பூரித்துக்கொள்ளலாம், இது அப்படியில்லை, இந்த அழுகையை வாங்கி எங்கே வைப்பது. கேன்டீன் பக்கத்திலேயே இருக்கிறது மேடம், ஒரு தாள் தள்ளித்தான், உங்கள் முழங்கைக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் திரும்புங்கள் மேடம். அவர் திரும்பவில்லை.

‘நேரமாச்சு’ என்றார் சார். பதினொன்று இருபது. வாய்ப்பூட்டு திறந்துவிட்டது, ஆனால் அதற்கும் ஒரு சட்டம் உண்டு, படம் போட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், விளக்கம் கூடாது. எல்லோரும் அதற்கென்று ஒரு கேள்வி வைத்திருப்பார்கள், இந்தப் படைப்பின் லயம் உங்களுக்கு எப்படி இருந்தது, அது மாதிரி, சார் இரண்டு வரி சொல்வார், கைதட்டல், முடிந்தது. உலகம்மையும் அதையே கேட்டுவிடத்தான் எழுந்தாள். லயம் என்ற வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் எழுந்தாள். வந்தது வேறு. ‘சார், அந்தக் காலிக் கட்டிலைப் பாத்துட்டு, அதுக்கு அடுத்ததா அந்த வடையைப் பாக்கீங்களா?’

யாருக்கும் புரியவில்லை. ஜெமிலாவுக்குப் புரிந்தது, துப்பட்டாவையும் மீறி ஒரு பெரும் சிரிப்பு வெடித்து ஹாலை நிறைத்தது. சார் சிரிப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முதல் தாளின் நடுவில் மடிப்புக்கென்று அச்சான மெல்லிய கோட்டை விரலால் தடவினார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை உலகம்மை பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு நேரம் பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்துவிட்டது. ‘மடிக்கிற தாளா?’ என்றார். ‘ஆமா சார்.’ ‘அப்ப இதுவும் நேர்கோடுதான்.’ ‘ஆமா சார். ஒண்ணு ரெண்டு மூணுதான் சார்.’ அவர் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை, நல்லது எதைக் கண்டாலும் விட மனசு வராதவர். ‘தெரியாம வந்தாலும் நல்லா வந்திருக்கும்மா. இந்த வரிசையே என் வரிசைன்னு ஒரு வரி எழுதிக் குடு. பாஸ்னு நானே மேடத்துகிட்டச் சொல்றேன்.’ ‘வேண்டாம் சார்.’ ‘ஏன்?’ ‘எங்கப்பா உயிரோட இருக்காரு சார்.’ சொல்லிவிட்டு, போச்சு, எல்லாம் போச்சு என்று உலகம்மை தரையைப் பார்த்தாள், அழுகை வருவதற்குப் பதிலாக அவளுக்குப் பசித்தது.

மதுரவல்லி மேடம் கட்டில் முன்னாலிருந்து நகர்ந்து, ஒரு தாள் தள்ளி வடைக்கு முன்னால் போய் நின்றார். பார்த்தார். திரும்பக் கட்டிலுக்கு வந்தார். திரும்ப வடைக்குப் போனார். மூன்றாவது தடவை வடைக்கு முன்னால் நின்றபடி, யாரையும் பார்க்காமல், ‘எங்கப்பாவுக்கும் இப்படித்தான், நான் போறப்ப கட்டில் காலியா இருந்துது’ என்றார். ‘நர்ஸம்மா சொன்னாங்க. நான் நம்பலை. கேன்டீன் வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்.’

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.

‘இவரு எத்தனை வடை சாப்பிட்டாரு?’

‘நாலு மேடம்.’

‘படத்துல ரெண்டுதான இருக்கு?’

‘தட்டுல இடம் பத்தல மேடம்.’

மேடம் சாரிடமிருந்து ஜூரித் தாளை வாங்கி, வடைக்குப் பக்கத்துச் சுவரிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, ‘தட்டைப் பெருசாக்கி மிச்ச ரெண்டையும் வரைஞ்சிடும்மா’ என்றார்.